லென்ஸில் வைத்த பொட்டு

சரஸ்வதி பூஜை, ராத்திரி

நான் குளித்துவிட்டு வருவதற்குள் மாமனார் என் கேமராவைப் பூஜையில் வைத்து, லென்ஸ் கண்ணாடியின் நடுவிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். கேட்டால், "அதுதானேம்மா அதுக்கு முகம்" என்று சிரிக்கிறார்.

நாளைக் காலையில் லால்குடியில் ஒரு வளைகாப்புக்குப் படம் எடுக்கப் போகணும். கேமராவை எடுக்கப் போனேன். "பூஜையில வெச்சதை இன்னைக்குத் தொடக்கூடாது" என்று மாமியார் தடுத்தார். தொட்டேன். குங்குமத்தோடு தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். அதனால் முதலில் ரப்பர் பம்பால் தூளை ஊதித் தள்ளினேன். பிறகுதான் மெல்லிய துணியை லென்ஸ் துடைக்கும் திரவத்தில் நனைத்து, சந்தனத்தை ஒற்றி எடுத்தேன். ஏதோ கொலை செய்கிற மாதிரி இருவரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

திரும்பப் பூஜையிலும் வைக்கவில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஸ்ரீரங்கத்தில் ஈரம் சும்மா விடுமா? லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன்.

"அப்ப பொட்டே வைக்கக்கூடாதா?" என்றார் மாமனார்.

"எனக்கு வைங்க மாமா. படம் எடுக்கிறது நான்தானே?"

நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் வைக்கும்வரை நகரவில்லை.