ராட்டினத்தில் நசுங்கிய மாமாவுக்கு

மாமா,

இன்று பள்ளி விட்டு வரும்போது சிதம்பரம் கீழவீதியில் ஒரு ஸ்கூட்டர் திணறிக்கொண்டிருந்தது. ஓட்டியவருக்குப் பின்னால் இரண்டு பேர், முன்னால் ஓர் அரிசி மூட்டை. பெல்ட் வழுக்கிக் கருகும் ரப்பர் வாசனை வந்ததும் நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். "இன்னாடி, தனியா சிரிக்கிற?" என்றாள் கூட வந்த தோழி. கடலூரில் உங்கள் வீட்டு வாசலில் அடித்த வாசனை அது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

உங்கள் மகள் அம்முவுக்கு ஆறு வயதானபோது, புதுச்சேரியில் யாரோ ஓட்டி அலுத்த குட்டி நாலுசக்கர வண்டியை வாங்கி வந்தீர்கள். கியர் மாற்றும் வேலை கிடையாது; கட்டைவிரலால் அழுத்தினால் போகும். தெருவில் நன்றாகத்தான் ஓடியது. கடற்கரை மணலில் இறங்கினால் உறுமும், கருகும், நின்றுவிடும். நீங்கள் குனிந்து தள்ளுவீர்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த உங்கள் படகுக் கூட்டாளிகள் ஒருநாள், "மச்சான், வண்டி புள்ளய இழுக்குதா, நீ வண்டிய இழுக்குறியா?" என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மு இறங்கிவிட்டாள்.

"நீ தள்ளுற வண்டியில நான் ஏற மாட்டேம்ப்பா."

புயல் எச்சரிக்கைக்குக்கூட அப்படி முகம் வாடியவரில்லை நீங்கள். "மாசி மகத்துக்குள்ள மணல் மேட்டுல ஏத்திக் காட்டுறேன். வேகம் வேணாம், இழுவதான் பத்தல" என்றீர்கள். வண்டி அதிவேகம் போகாமல் தடுக்கும் திருகைக் கடைசிவரை நீங்கள் தொடவில்லை.

ஆனால் இழுவைக்கு நீங்கள் செய்த வைத்தியம் இருக்கிறதே! "போட்டுல பின்னாடி கனம் இருந்தாதான் விசிறி தண்ணியக் கவ்வும்" என்று பின்பக்கம் மணல் மூட்டை கட்டினீர்கள். அதோடு விட்டீர்களா? எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றி, பெல்ட் ஓடும் தட்டுக்குள் இருந்த சின்ன உருளைகளை எடுத்துவிட்டு, கனமானவற்றைப் போட்டீர்கள். வண்டி முன்பைவிட மோசமானது. தெருமுனையிலேயே படுத்துவிட்டது.

நான் அப்போது கடலூரில் எட்டாம் வகுப்பு. நூலகத்தில் ஸ்கூட்டர் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தேன். "மாமா, கனத்தக் கொறைக்கணும்!"

"வா புஸ்தகம். கொறைச்சா எப்பிடி இழுக்கும்?"

நீங்கள் எனக்கு வைத்த பெயரே அதுதான். படத்தைக் காட்டினேன், உங்கள் கண் அதில் நிற்கவில்லை. அதனால் கேட்டேன்: "திருவிழாவுல அத்தையோட சேந்து ராட்டினத்துல ஒக்காந்தீங்க. சுத்துது. ஓரத்துல நீங்க, உள்பக்கம் அத்த. யாரு நசுங்குவா?"

"நான்தான்! வருசா வருசம் நசுங்குறேனே."

"அத்தைக்குப் பதிலா அம்மு ஒக்காந்தா?"

"அது கோழிக்குஞ்சு. ஒண்ணும் தெரியாது."

"அதேதான் மாமா. தட்டு சுத்தும்போது கனமான உருளை வெளிய வந்து சீக்கிரமா நெருக்குது. வண்டி கிளம்புறதுக்குள்ளயே பெரிய கியருக்குப் போயிடுது. கனம் கம்மின்னா கடைசியாத்தான் நெருக்கும். அதுவரைக்கும் இழுவ இருக்கும்."

அடுப்படியிலிருந்து அத்தை, "என் ஒடம்பு ஒங்களுக்குப் பாடமா?" என்றார். நீங்கள் திருப்புளியோடு வாசலுக்கு ஓடினீர்கள். முதுநகர்க் கடையிலிருந்து லேசான உருளைகள் வந்தன. எஞ்சின் துள்ளியது. மணலில் இறக்கினோம். சக்கரம் வேகமாகச் சுற்றி, நின்ற இடத்திலேயே குழி தோண்டியது. என் புத்தகத்தில் மணல் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் குழியைப் பார்த்தீர்கள். மணல் மூட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டு, டயரில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினீர்கள். "போட்டு அடிவயிறு மாதிரி பரப்பி ஒக்காரணும் புஸ்தகம். கூரா நின்னா பொதையும்."

மாசி மகத்தன்று அம்மு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் ஏறினாள். வண்டி முனகவில்லை, நண்டு மாதிரி மேட்டில் ஏறியது. பழக்க தோஷத்தில் நீங்கள் பின்கம்பியைப் பிடித்தபடியே ஓடினீர்கள். அவள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்: "தள்ளாதப்பா! கைய எடு!"

எடுத்தீர்கள். அவள் மேட்டைத் தாண்டிப் போன பிறகும் கையைக் கீழே போட மறந்து நின்றீர்கள். வலைக்காரர்கள் விசிலடித்தார்கள். ஊரே கடலில் முழுகிக்கொண்டிருந்தபோது நீங்கள் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். என் கண்ணாடி மணலில் விழுந்தது.

போன ஐப்பசியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. நீங்கள் கழற்றிப் போட்ட கனமான உருளை ஒன்று என் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸோடு உருள்கிறது. இயற்பியல் வகுப்பில் வட்ட இயக்கம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அத்தைதான் தெரிகிறார்.

அம்முவுக்கு இப்போது அந்த வண்டியில் முழங்கால் இடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பொடிசை ஏற்றிவிடுகிறாள். போன ஞாயிறு நானும் மணலுக்குப் போனேன். அவள் பின்னாலேயே ஓடினாள், கம்பியைத் தொடாமல், ஒரு கையை நீட்டிக்கொண்டு. பொடிசு மேடேறிப் போய்விட்டது. கை அப்படியே நின்றது மாமா, உங்களுடையது போலவே.