டெக்சாஸ் டிரக்கைக் குளிருக்குப் பழக்கியவளுக்கு

இன்று காலை காரை ஆயில் மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்து வண்டியின் அடியிலிருந்து மெக்கானிக் சிவப்பு எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தார். கியர் பெட்டியில் ஓடும் எண்ணெய். லேசாகக் கருகிய அந்த வாசனை வந்ததும் கையிலிருந்த பத்திரிகையை மூடிவிட்டேன். நீ போய் ஒரு மாதம் ஆகிறது. கலிபோர்னியாவின் சான் ரமோனிலிருந்து உன் கணவர் போன் செய்து சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. இன்று, அந்த மெக்கானிக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் வந்தது.

நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீடு உன்னுடையது. இருவருமே கணவர் விசாவில் வந்தவர்கள். கிரீன் கார்டு வரும்வரை வேலைக்குப் போக அனுமதி இல்லை. நானாவது வெறும் பி.காம். நீ கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் மூன்று வருடம் டிசைன் பார்த்த மெக்கானிக்கல் இன்ஜினியர். காலை எட்டு மணிக்கு அவர்கள் கிளம்பினால் மாலை ஏழு வரை ஹீட்டர் சத்தமும் ஜன்னலுக்கு வெளியே பனியும்தான். நடந்து போகும் தூரத்தில் ஒரு கடைகூடக் கிடையாது. உன் மகள் ஸ்கூலிலிருந்து வரும்வரை ஒரே டீயை நாம் இரண்டு முறை சூடு பண்ணிக் குடிப்போம்.

முன்பு டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் இருந்தபோது என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய பிக்கப் டிரக் வாசலில் நின்றது. முந்தைய சொந்தக்காரர் படகு இழுப்பதற்காக அதை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, கியர் எண்ணெய் கொதிக்காமலிருக்க முன்பக்கம் பெரிய கூலர் ஒன்றையும் மாட்டியிருந்தார். டெக்சாஸ் வெயிலில் நன்றாக ஓடிய வண்டி நியூ ஜெர்சியின் முதல் குளிரிலேயே படுத்துவிட்டது. ரிவர்ஸ் போட்டால் யோசித்துவிட்டு நகரும். மேல் கியருக்கு மாறவே மாறாது. இவர் நண்பரின் காரில் ஆபீஸ் போக ஆரம்பித்தார். நான் அதைத் தொடக் கூடாது, நடுரோட்டில் நின்றுவிடும் என்றார்.

ஒருநாள் நீ பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னாய்.

"உன்ற வீட்டுத் தேங்காயெண்ணெ பாட்டில்லயே கெட்டியாயிருதல்ல, அதே கததான். அந்தக் கூலர் இந்த ஊருக்கு ரொம்பப் பெருசு. எண்ணெய சூடாகவே வுடமாட்டேங்குது."

கழற்றிவிடலாமே என்றேன். கோடையில் எண்ணெய் வெந்துபோகும் என்றாய். நடுவில் ஒரு வால்வு வைத்தால் போதுமாம். குளிர்ந்த எண்ணெய் கூலருக்குப் போகாமல் திரும்பிவிடும், சூடான பிறகு வழி தானாகத் திறக்கும். ஹைவே ஓரத்து கராஜ் கிழவரிடம் சொல்லி வைத்து அந்த வால்வை வரவழைத்தாய். பார்க்கிங்கில் அட்டைப் பெட்டியை விரித்து அதன்மேல் படுத்து, ஹோஸை வெட்டி, வால்வைப் பொருத்தி, கிளாம்ப் முறுக்கினாய். நான் டார்ச் பிடித்தேன். உன் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. உள்ளே போய்க் கையைச் சூடுபடுத்திக்கொண்டு வா என்று சொன்னால் கேட்கவில்லை.

நீதான் ஓட்டினாய். ரூட் ஒன் ஹைவேயில் பத்து நிமிடம் போனதும் மேல் கியர் விழுந்ததை என் இருக்கையிலேயே உணர்ந்தேன். நீ சிரித்தாய். பிறகு, "இப்ப எங்க போறது?" என்று கேட்டாய். இருவருக்கும் ஒரு இடமும் தோன்றவில்லை. கடைசியில், கசிவு இருக்கிறதா என்று பார்க்க அந்த கராஜுக்கே போனோம்.

கிழவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் வெகுநேரம் பார்த்தார். யார் செய்தது என்று விசாரித்தார். நீ படித்ததையும் பார்த்த வேலையையும் கேட்டுவிட்டு ஒரு சீட்டில் நம்பர் எழுதித் தந்தார். ஒஹாயோவில் அவர் மச்சான் இருக்கும் தொழிற்சாலையில் கியர் பெட்டி செய்கிறார்களாம். வெளிநாட்டு இன்ஜினியர்களுக்கு அவர்களே விசா எடுத்துத் தருவார்களாம்.

திரும்பும்போது அந்தச் சீட்டு ஸ்டியரிங்கோடு சேர்த்து உன் கையிலேயே இருந்தது. "நீ என்ன சொல்ற? கூப்புட்டுப் பாக்கட்டுமா?"

"ஒஹாயோவா? பாப்பாவ யாரு பாத்துப்பா? அவர் ஒத்துப்பாரா? விசால ஏதாவது சிக்கலாச்சுன்னா?" என்றேன்.

கேட்டவையெல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் எனக்குள் இருந்தது வேறு. மேல்வீடு காலியாகிவிட்டால் அந்தப் பகல்களை நான் எப்படித் தள்ளுவேன் என்கிற பயம். நீ சீட்டை மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டாய். அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து உன் கணவருக்கு சான் ரமோனில் வேலை கிடைத்தது. கம்பெனி மாறியதால் கிரீன் கார்டு விண்ணப்பத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எனக்குப் போன வருடம் வந்துவிட்டது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் இப்போது முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு வரவில்லை. வியாதிதான் முந்திக்கொண்டது.

அன்று போனில் உன் கணவரிடம் ஒஹாயோ வேலையைப் பற்றி நீ எப்போதாவது சொன்னாயா என்று கேட்டேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை. நான் விவரம் சொன்னதும் அவர் கேட்டார்.

"என்கிட்ட கேட்டிருந்தா போன்னு சொல்லியிருப்பேனே. ஏன் கேக்காம விட்டா?"

அவரைக் கேட்கும் முன் நீ என்னைக் கேட்டாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் வரவில்லை.