காற்றுக்கு இறக்கிய கியர்

மாமா,

சோற்றைப் பிசையக் கை வைத்ததும் விரல் இடுக்கிலிருந்து கிரீஸ் வாசம் வந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. ஆடி அமாவாசைச் சாப்பாடு. பருப்பும் அவியலும் அப்பளமும் இலையில் இருந்தன. எனக்கோ உங்கள் கையின் வாசம்தான் முன்னால் வந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் செயினைத் துடைப்பீர்கள். அந்தக் கையாலேயே முறுக்கை எடுத்துக் கடித்துவிட்டு, "இரும்புச் சத்துட்டி, நீயும் தின்னு" என்று எனக்கும் நீட்டுவீர்கள்.

இன்று நான் உங்கள் வண்டியில் வேம்பார் போய்த் திரும்பி வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல். முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நாம் இருவரும் போட்ட சண்டையின் முடிவு.

சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். நெடும்பயணம் போவதற்கென்று நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வண்டி அது. இரண்டு பக்கமும் பை தொங்கவிடக் கம்பி, பின்னால் அகலமான கேரியர், கீழே வளைந்த ஹேண்டில்பார். எல்லாம் சரி. முன்னால் மட்டும் நாற்பத்தெட்டுப் பல் வைத்த பெரிய செயின் வீல். பின்னால் இருந்த ப்ரீவீலில், அந்தப் பல்சக்கர அடுக்கில், பெரியதே இருபத்து நான்கு பல்தான். அதாவது உங்கள் வண்டியின் மிக இலகுவான கியரிலும், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியாக வேண்டும். பாரத்தோடு போகிறவர்களுக்கு இது கனம், இறக்குங்கள் என்று நூலகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சொன்னேன்.

"எதுக்குட்டி எறக்கணும்? கோவில்பட்டியில இருந்து கடக்கர வரைக்கும் தோசக்கல்லு மாதிரி கெடக்கு. மலங்காட்டுக்காரன் போடுத கியரு நமக்கெதுக்கு?"

"புத்தகத்துல போட்டிருக்கு மாமா."

"புஸ்தகமா மிதிக்கும்? காலுல்லா மிதிக்கணும். நீ சொல்லுத மாதிரி பல்லக் கொறச்சா அது சைக்கிளு இல்ல, தையல் மிஷினு."

கரிசலில் பிறந்த எல்லோருக்கும் உள்ள நினைப்புதான் அது. கியர் என்றால் மேட்டுக்கு. நம்மிடம் மேடு கிடையாது. ஆகவே கியர் வேண்டாம். காற்றாலையில் வேலை பார்த்த உங்களுக்குமா அப்படித் தோன்ற வேண்டும்? தினமும் கோபுரத்தின் உச்சிவரை ஏறி இறங்கியவர் நீங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சே இன்றைக்குக் காற்று எப்படி என்பதுதான். அந்தக் காற்றைச் சைக்கிள் கணக்கில் மட்டும் சேர்க்க மறந்துவிட்டீர்கள்.

போன ஆடியில் அது நினைவூட்டியது. நீங்கள் இந்த வண்டியில், நான் பள்ளிக்கூடம் போகிற சைக்கிளில். நம் ஊர் நாகலாபுரத்திலிருந்து விளாத்திகுளம், அங்கிருந்து நேர் கிழக்கே வேம்பார். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. நீங்கள் பறந்துபோய்ப் பனைமரங்களுக்கு நடுவே புள்ளியாகிவிட்டீர்கள். பிறகு திரும்பினோம். அதே காற்று நெஞ்சில் கைவைத்தது. எனக்கும் ஓட்ட முடியவில்லை, உங்களுக்கும் முடியவில்லை. கொஞ்ச தூரத்திலேயே நீங்கள் இறங்கித் தள்ள ஆரம்பித்தீர்கள். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "வந்த வேகத்துக்கு வண்டிக்குக் கால் வலிக்கும்லா, நடத்திக் கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள்.

கடைசியில் கருவாடு ஏற்றிவந்த லோடு ஆட்டோவில்தான் இரண்டு வண்டிகளும் நாமும் வந்தோம். வாசலில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "உலகம் சுத்தப் போற ஆளு கருவாட்டு மூட்ட மேல வாராரு, ஆரத்தி எடுக்கவா?" என்று கேட்டாள். ஆனால் ஆட்டோவில் வரும்போது நீங்கள் என்னிடம் மெதுவாகச் சொன்னது அம்மாவுக்குத் தெரியாது. "ஏட்டி, மேல நின்னு பாத்தா இந்தக் காத்து கரெண்டாத் தெரியுது. ரோட்டுல வந்தா மலையால்லா நிக்கி. நீயே கணக்குப் போடு. அடுத்த ஆடிக்குள்ள மாத்திருவோம்."

அடுத்த ஆடிக்கு நீங்கள் இல்லை. மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. வண்டி வேப்பமரத்தடியிலேயே நின்றது. அம்மா தன் தம்பியின் வண்டி நின்ற பக்கம் பார்க்காமலே வாசல் தெளிப்பாள். உங்களோடு வேலை பார்த்த ஒரு அண்ணன் வந்து வண்டியைக் கேட்டபோது, எடுத்துப் போகட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அடம் பிடித்தேன். அம்மா இறங்கி வந்து ஒரு வழி சொன்னாள். "அமாவாசைக்கு நானும் அப்பாவும் மொபெட்டுல வேம்பார் போறோம். நீ மாமா சைக்கிள்ல வா. திரும்பி வாரப்ப லோடு ஆட்டோவுல ஏறுன, வண்டி கேட்டு வந்த அந்தத் தம்பிக்கு. மிதிச்சே வந்துட்டன்னா உனக்கு."

எனக்குப் பயம்தான். ஆனால் கணக்கு என் பக்கம் இருந்தது.

கோவில்பட்டி சைக்கிள் கடையில் அண்ணாச்சி உங்கள் வண்டியைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துகொண்டார். பின்னால் இருபத்தெட்டுப் பல் ப்ரீவீல் போடலாம். அதற்கு மேல் போட்டால் செயினைத் தாங்கும் கை எட்டாது என்றார். அப்படியென்றால் முன்னால்தான் இறக்க வேண்டும். முன்னாலும் இருபத்தெட்டுப் போடுங்கள் என்றேன். பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று.

"பாப்பா, நம்ம ரோட்டுக்கா? மாமா இருந்தா வைவாரு" என்றார். "வேகம் செத்துப் போகும். இனிமே உனக்கு ஆகப்பெரிய கியரே அவரோட ஆகச்சின்ன கியருதான்."

அவர் சொன்னது சரி. மனதுக்குள் போட்டுப் பார்த்தேன்: பின்னால் ஆகச்சிறியது பதினான்கு பல், முன்னால் இருபத்தெட்டு, மறுபடி ஒன்றுக்கு இரண்டு சுற்று. உங்கள் வேகம் முடிந்த இடத்தைத் தொடக்கூட முடியாது. நீங்கள் தொடங்கிய இடத்தில் நான் முடிவேன். அந்தப் பெரிய செயின் வீலைக் கழற்றினால் இது இன்னும் உங்கள் வண்டிதானா என்று அதன் பல்லைத் தடவிப் பார்த்தேன். நீயே கணக்குப் போடு என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, "கழத்துங்க அண்ணாச்சி" என்றேன். இன்று காலை புறப்படும் முன் செயினுக்கு நானே கிரீஸ் பூசினேன்.

போகும்போது, அண்ணாச்சி சொன்னபடியே, காற்று தள்ளிய வேகத்துக்கு என் கால் ஈடுகொடுக்கவில்லை. பெடல் சும்மா சுற்றியது. மிதிப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்தே போனேன். வேம்பாரில் அம்மா கடலில் முழுகி எழுந்து, கரையில் உங்களுக்குக் காராச்சேவு வைத்தாள். காக்கை வந்து எடுத்ததைப் பார்த்த பிறகுதான் கிளம்பினாள்.

திரும்பினோம். காற்று அங்கேயே நின்றிருந்தது, மலையாக. கண்ணில் புழுதி, காதில் ஒரே இரைச்சல். கியரை இறக்கினேன், இன்னும் இறக்கினேன், கடைசிக்கு வந்தேன். கால் லேசாகிவிட்டது மாமா. அந்த நொடியைத்தான் உங்களுக்குக் காட்ட முடியவில்லை. வண்டி நகர்கிறதா என்று குனிந்து பார்த்தேன், நகர்ந்தது. சக்கரம் மெதுவாக, கால் மட்டும் விறுவிறு என்று. தையல் மிஷின்தான், சந்தேகமே இல்லை. எதிரே காற்றாலைகள் எல்லாம் மேற்கைப் பார்த்து நின்று சுற்றிக்கொண்டிருந்தன. நானும் மேற்கைப் பார்த்தே சுற்றினேன். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தால் புழுதி, அதனால் மூடிக்கொண்டே சிரித்தேன்.

ஆடு பத்திக்கொண்டு போன ஒருவர் கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். "தாயி, எறங்கி நடந்தா சீக்கிரம் போயிரலாம்" என்றார். அம்மா மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, "ஏட்டி, ஆடு முந்துது பாரு" என்றாள். இரண்டு பேரை ஏற்றிக்கொண்ட மொபெட்டும் உறுமி உறுமித்தான் வந்தது. "அதச் சொல்லாத, நம்ம வண்டியும் அங்கனயே நிக்கி" என்றார் அப்பா.

நான் இறங்கவில்லை. சூரங்குடியில் தண்ணீர் குடிக்க நின்றேன், அவ்வளவுதான். ஒரு லோடு ஆட்டோ தானாகவே வேகத்தைக் குறைத்து, ஏறுகிறாயா என்று கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். ஆட்டோ போய்விட்டது.

விளாத்திகுளத்தில் வடக்கே திரும்பியதும் காற்று விலாப்பக்கம் போனது. கியரை ஏற்றினேன். ஊருக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கையில் அம்மா அப்பாவின் தோளைத் தட்டி மொபெட்டை நிறுத்தச் சொன்னாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நிறுத்துட்டி. நான் ஏறுதேன்."

"எனக்குக் கால் வலிக்கும்மா."

"இத்தன நேரம் வலிக்கலல்லா."

கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து சீட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். ஏற்றிய கியரையெல்லாம் மறுபடி இறக்கினேன். வண்டி ஒருமுறை தள்ளாடி, பிறகு நேராகப் போயிற்று. மொபெட்டில் அப்பா பக்கத்தில் வந்தபோது, "அந்தத் தம்பிக்கு வேற வண்டி பாக்கச் சொல்லிருங்க" என்றாள். வெகுநேரம் கழித்து, என் முதுகுக்குப் பின்னாலிருந்து, எனக்கா உங்களுக்கா என்று தெரியாத குரலில் பேசினாள்.

"அவன நான் இப்படித்தான் சைக்கிள்ல பின்னால வச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். கியருமில்ல, ஒண்ணுமில்ல. ஆடிக் காத்துல கல்லாக் கனப்பான். எறங்கி நடலேன்னு சொன்னாக் கேக்க மாட்டான்."

"நீயும் எறங்காதம்மா" என்றேன்.

ஊர் வரும்வரை அவள் இறங்கவில்லை.