திரு. திரு. சோலைமுத்து

செம்பட்டி

அன்புள்ள தம்பி முகேஷுக்கு,

அக்கா அறிவுச்செல்வி எழுதுவது. இங்கே நலத்துக்குக் குறைவில்லை. உன் மருமகள் தமிழ்மதியின் சேட்டைக்கும் குறைவில்லை. போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

முதலில் என் மானம் போன கதை. அவள் காதுகுத்து அழைப்பிதழ் உறைகளில் பெயர் அச்சடிக்க, நானே கம்ப்யூட்டரில் பிஎச்பி மொழியில் பங்ஷன் என்கிற ஒரு சின்ன நிரல் எழுதினேன். பங்ஷனுக்கே பங்ஷனா என்று உன் மச்சான் கேலி செய்தார். பெயர்களைக் கொடுத்தால் முன்னால் 'திரு.' சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் தடவை ஒன்றுமே சேரவில்லை. உள்ளே போனது பெயர்களின் நகல். அங்கே செய்த மரியாதை அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு, பெயர்களை வாங்கும் இடத்தில் & என்ற குறியைப் போட்டேன். அதைப் போட்டால் அசலே உள்ளே போகும். உள்ளே நடப்பதெல்லாம் அசலில் ஒட்டும்.

நன்றாகவே ஒட்டியது. திரையில் பார்க்க ஒரு தடவை, அச்சுக்கு ஒரு தடவை என்று அதே பங்ஷனை இரண்டு தடவை ஓடவிட்டிருக்கிறேன்! பேகம்பூர் அச்சகத்து நூர் அகமது அண்ணனாவது கேட்டிருக்கலாம். மரியாதை கூடுனா நல்லதுதானம்மா என்று அடித்தே கொடுத்துவிட்டார். உறை கிடைத்த சோலைமுத்து பெரியப்பா நேரே வீட்டுக்கு வந்து, "ஏத்தா, நான் திருதிருன்னு முழிக்கிறேன்னு ஊருக்கே சொல்றியாக்கும்?" என்று கேட்டார். காபி குடித்த பிறகும் முறைப்பு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தின் தலையில் நான் எழுதியிருப்பது அவர் உறையில் அச்சான அந்தப் பெயர்தான்.

இப்போது உன் விஷயம். புது வேலை, லீவு கேட்கக் கூச்சமாக இருக்கிறது, புனேயிலிருந்தே வீடியோ காலில் வந்துவிடுகிறேன், மடியில் வைக்க வேறு யாரையாவது உட்காரச் சொல் என்றாய். சரி என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவதுதானே முறை? எனக்குக் கூடப்பிறந்தவன் நீ ஒருவன்தானேடா. போனில் வருவது உன் நகல். குத்தும்போது அவள் போடும் கூச்சல் அதற்கும் கேட்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் மூக்குச்சளி யார் சட்டையில் ஒட்டும்?

உறைகளைத் திரும்ப அடித்தாயிற்று, இந்தத் தடவை ஆளுக்கு ஒரே திரு. உனக்கு மட்டும் உறை இல்லை. தாய்மாமனை யாராவது உறை போட்டுக் கூப்பிடுவார்களா? ஆவணி கடைசி ஞாயிறு, அகரம் கோயிலில். மேலதிகாரியிடம் வாய் திறந்து கேள், கொடுப்பார். சீர்செனத்தி ஒன்றும் வேண்டாம்.

நன்றாக இருடா. மடியை மட்டும் கொண்டு வா.

உன் அக்கா,
அறிவுச்செல்வி