ரிங் இல்லாத லென்ஸ்

12.8.1996, திங்கள்
ஃபேக்டரியில் புது மாடல் கேமரா லென்ஸ் என் மேசைக்கு வந்தது. கழுத்தில் ரிங் இல்லை. வெளிச்சம் நுழைகிற துளையை இனிக் கையால் திருப்பிக் கூட்டவும் குறைக்கவும் முடியாது, கேமராவே பார்த்துக்கொள்ளுமாம். சூப்பர்வைசர் தங்கராஜு, ஏதோ தான் பெற்ற பிள்ளை போல அதைத் தூக்கிக் காட்டினார்.

“கேமரா ரோசாக் ஆயி கெட்டுப்போச்சுன்னா துளைய யாருண்ணே திறப்பா?” என்றேன்.

“ஜனங்களுக்கு பட்டன அமுக்குனா படம் வரணும்லா, தேவமலர். அவ்ளோதான்.”

பத்து வருடமாக ரிங் பூட்டுகிறவள் நான். வேண்டும் என்றுதானே சொல்வேன்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

15.8, வியாழன்
உண்மையில் எனக்கு லென்ஸைப் பற்றிக் கவலையில்லை. லைனில் பேசக்கூடாது. ஆனால் ரிங் சரியாக விழுகிறதா என்று டிக் டிக்கென்று திருப்பிப் பார்க்கலாம். மூன்று டிக் என்றால் கேன்டீன் போகலாம். வேகமாக ஐந்து என்றால் தங்கராஜு வருகிறார். எதிர் மேசை ஷாந்தினியும் நானும் இப்படித்தான் நாள் முழுக்கப் பேசுவோம். குருபோங்கில் நான் தனியாக இருக்கும் வாடகை அறையில் எனக்குப் பேச யார் இருக்கிறார்கள்? ரிங் போனால் அவளும் போய்விடுவாளோ?

2.9, திங்கள்
போய்விட்டாள். லென்ஸுக்குள் மோட்டார் பூட்டுகிற மேசைக்கு. பழைய மாடலுக்கு ஒரு ஆள் போதுமாம். அது நான்.

3.9
மூன்று டிக் திருப்பினேன். எதிரே காலி நாற்காலி. எனக்குப் பைத்தியம்தான்.

20.9, வெள்ளி
ஷாந்தினியைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தங்கராஜுவிடம் கெஞ்சினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அவளேதாம்மா மாத்திக் கேட்டா. ஜூலையிலயே. அங்க அவ வயசுப் பிள்ளைங்க இருக்காங்கல்ல.”

ஜூலையிலா? அப்ப ரிங் இருந்துச்சே! என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன, கடிச்சா தின்னுடுவேன்? இல்ல — நான் திருப்பித் திருப்பிக் கூப்பிட்டது அவளுக்குத் தொல்லையா இருந்துச்சோ?

10.11, ஞாயிறு
தீபாவளி. டுரியான் துங்காலில் ஷாந்தினி வீட்டு விருந்து. போகக்கூடாது என்றிருந்தேன், போனேன். மோட்டார் மேசைப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். புதுக் கேமராவை என் கையில் கொடுத்தாள். “அக்கா, நீங்களே எடுங்க. சும்மா அமுக்குனா போதும்.”

அவர்களுக்குப் பின்னால் நல்ல வெயில், முகத்தில் நிழல். என் விரல் லென்ஸின் கழுத்தைத் தடவியது. திருப்ப ஒன்றுமில்லை. அமுக்கினேன்.

25.11, திங்கள்
ஷாந்தினி படத்தில் ஒரு பிரதி கொடுத்தாள். எல்லா முகமும் தெளிவு. ரிங் தேவையில்லைதான். அறைச் சுவரில் ஒட்டினேன்.

பக்கத்து அறைக் குஞ்சம்மா அக்கா வந்து பார்த்தார். “யாரு இவங்கள்லாம்? ஒன்னையக் காணோமே?”

“கூட வேல செய்யிறவங்கக்கா,” என்றேன்.