படியேறாத படிப்பாட்டு

பாவா,

இன்று காலை நம் தெருவில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். இழுத்துக் கட்டிய நூலுக்குக் கேழ்வரகுக் கஞ்சி பூசி, இருபுறமும் ஆள் நின்று நீவிக்கொண்டு போனார்கள். புளித்த கஞ்சி வாசனை வாசல் தாண்டி உள்ளே வந்து, நான் விரித்து வைத்திருந்த பூகோளப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. அதற்குமேல் படிக்க ஓடவில்லை. எட்டிப் பார்த்தேன். யாரும் பாடவில்லை. அதனால் ஒருவர் முந்திப் போனார், ஒருவர் பின்தங்கினார். நீங்கள் இருந்திருந்தால், “பாட்டு பின்னாடியே வாங்கப்பா, நூலு தானா வரும்” என்று அதட்டியிருப்பீர்கள்.

எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லாததால், அக்காவைக் கட்டிக்கொண்ட உங்களை நைனா வீட்டோடு வைத்துக்கொண்டார். நான் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் உரக்கப் படிப்பேன். நீங்கள் தறிக்குழியிலிருந்தே, “இன்னா வாத்தியாரம்மா, இன்னிக்கு எந்த தேசத்துல மழ?” என்று கேட்பீர்கள். நான் ஏதோ ஒரு தேசத்தைச் சொன்னால் அதை அப்படியே ராகம் போட்டுப் பாடுவீர்கள். பிரேசில் என்ற பெயரை இன்றுவரை என்னால் ராகம் இல்லாமல் படிக்க முடியவில்லை. நைனா மட்டும் தலையில் அடித்துக்கொள்வார்: “எங்க மாப்பிள்ள நெய்யறது பாட்டு. சேல ஓரமா வந்துகினு கீது.”

பாட்டுதான் உங்களை அரக்கோணத்துச் சுதந்திரப் போராட்டக் கூட்டங்களுக்கு இழுத்துக்கொண்டு போனது. பேச்சாளர் ரயிலிறங்கி வருகிறவரை ஜனங்களை நிறுத்திவைக்க ஒருவர் பாட வேண்டும். நீங்கள் ஆர்மோனியத்தோடு பாட, சேரியிலிருந்து வந்த எல்லப்பன் அண்ணன் டோலக் வாசிப்பார். ஒரு நாள் பேச்சாளருக்கு முன்னால் போலீஸ் வந்தது. பாடியவரையும் வாசித்தவரையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். நீங்கள் திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது, இருமல் பிடித்திருந்தது. ஆனால் வாசலிலேயே நின்று நைனாவிடம் சொன்னது அந்த இருமலைப் பற்றி அல்ல. “மாமா, ஜெயில்ல வெள்ளக்காரன் எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு சோறு போட்டான். வெளிய வந்தா நம்ம சாமி மட்டும் பிரிச்சு வைக்கணுமா? எல்லப்பன ஏற வுடாத கோயில் மலைய நானும் ஏறமாட்டேன்.”

அதைக் கேட்டு அக்காவின் முகம்தான் மாறியது. முதல் குழந்தை தங்காமல் போனபின், அடுத்ததை இருவருமாகத் தூக்கிக்கொண்டு மலையேறி முடி இறக்குவதாக அவள் வேண்டியிருந்தாள். வள்ளி பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள். முதல் முடி அப்படியே இருந்தது.

அந்த மார்கழிப் படித் திருவிழாவை என்னால் மறக்க முடியாது. படிக்கொரு பாட்டுப் பாடி, பாடி முடித்த படியில் கற்பூரம் ஏற்றி, அடுத்த படிக்குக் கால் வைப்பது நம் ஊர் வழக்கம். உங்கள் கோஷ்டிக்கு நீங்கள்தான் முன்பாட்டு. அன்று எல்லோரும் முதல் படியில் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். நீங்கள் மலையடிக் குளக்கரையில் எல்லப்பன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சுருதி கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கோஷ்டிப் பெரியவர் கீழே இறங்கி வந்தார்.

“இன்னாய்யா, படி இல்லாம படிப்பாட்டா? கற்பூரத்த எங்க ஏத்துவ, உன் தலையிலயா?”

நீங்கள் சுற்றிலும் பார்த்துவிட்டு, கரையில் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்து முன்னால் வைத்தீர்கள். “இதும்மேல ஏத்தறேன். எல்லாப் படிக்கும் இதான் படி.”

முதல் படிக்கான பாட்டிலிருந்து வரிசை தப்பாமல் பாடினீர்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் எல்லப்பன் அண்ணன் அந்தக் கல்லில் ஒரு துண்டு கற்பூரம் வைப்பார். முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு அம்மாள் தன் மடியில் மிச்சமிருந்த கற்பூரத்தை அதில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர். பொழுது சாயும்போது கல் கரி பிடித்துக் கறுப்பாகிவிட்டது. நீங்கள் பாதியில் இருமி நிறுத்தினால் டோலக் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் வந்து சேர்கிறவரை.

வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா என் பக்கத்தில் நின்றாள். “ஊரே மேல போவுது. இவுரு ஒரு செங்கல்லுக்குப் பாடினு கீறாரு” என்றாள். ஆனால் கடைசிப் பாட்டு முடிகிறவரை நகரவில்லை.

வீட்டில் அதற்குப்பின் சண்டை ஓயவில்லை. “உங்க வீம்புக்கு எம் பொண்ணு தலையில பேன் மேயுது” என்பாள் அக்கா. “கோவம் தணிஞ்சு உக்காந்த சாமி, கொஞ்சம் காத்துகினு இருப்பாரு” என்பீர்கள் நீங்கள். “அவுருக்குத் தணிஞ்சுது. எனக்குத் தணியல” என்று சொல்லிவிட்டு, சோற்றை மட்டும் குழைய வடித்து உங்கள் முன்னால் வைப்பாள், தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று.

அந்த இருமலிலேயே நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, இனித் தடை யார், மலைக்குப் போய்வரலாமே என்று அம்மா மெல்லச் சொன்னாள். அக்கா சீப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அவுரு இருக்கும்போது சண்ட போட்டேன். அது எனக்கும் அவுருக்கும். இப்ப நான் மட்டும் ஏறுனா அவுர ஏமாத்துன மாதிரி ஆவாதா?” வள்ளியின் தலை இன்னும் சிக்குப் பிடித்தது. அக்கா தினமும் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தாள், மலைக்குப் போகவில்லை.

பிறகுதான் கோயில்கள் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. செய்தித்தாளை நான்தான் வாசித்துக் காட்டினேன். அக்கா இன்னொரு முறை படி என்றாள். படித்தேன். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

போன கிருத்திகைக்கு மலையேறினோம். எங்களோடு வந்த எல்லப்பன் அண்ணன் ஒவ்வொரு படியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்ததால் வெயிலேறிவிட்டது. முடி இறக்குகிற இடத்தில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, “தாய்மாமன் வந்து உக்காருங்க, கொழந்தைய மடியில வைக்கணும்” என்றார். எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் புது வேட்டியோடு தயாராக முன்னால் வந்தார். அக்கா அவரைத் தாண்டிப் பார்த்தாள்.

“எல்லப்பண்ணே, வாங்க.”

அவர் பின்வாங்கினார். “வேணாம்மா. ஊர்ல பேசுவாங்க.”

“ஊரு கீழ கீது. நீங்க வந்து உக்காருங்க.”

ஒன்றுவிட்ட அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா மேல்துண்டை உதறித் தரையில் விரித்து, “உக்காருப்பா” என்றார். எல்லப்பன் அண்ணன் உட்கார்ந்தார். மடியில் வைத்ததும் வள்ளி வீறிட்டாள். அவர் அவளுடைய முதுகில் விரல்களால் மெல்லத் தட்டி, உங்கள் முதல் படிப் பாட்டை முனகினார். அழுகை நின்றது. “ஆடாம தட்டுய்யா, கையில கத்தி கீது” என்றார் நாவிதர். அக்கா சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு உங்கள் குரல் இல்லை, பாவா. சுருதியும் நிற்காது, நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். ஆனால் உங்களிடமிருந்து ஒன்று என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்த வாசலிலும் உள்ளே கால் வைக்குமுன் ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறேன். நேற்று பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகும் அப்படி நின்றுவிட்டேன். பக்கத்தில் வந்த பெண், “யாரடி தேடற?” என்று கேட்டாள்.

“வெளிய யாராச்சும் நின்னுகினு கீறாங்களான்னு பார்த்தேன்” என்றேன்.

அவளும் என்னோடு நின்று பார்த்தாள்.