முன்னால் ஒரு குரல், பின்னால் ஒரு குரல்

அதட்டிக்கொண்டே அன்பு காட்டிய என் மச்சானுக்கு,

நீ போனபிறகு ஒரு பூண்டு அறுவடை முடிந்துவிட்டது. இங்கே எல்லோரும் நல்லாயிருக்கோம். உன் கம்பளித் தொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. உனக்கு இவ்வளவு பெரிய தலை என்று நீ இருக்கும்போதே தெரிந்திருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

விஷயத்துக்கு வருகிறேன். கொடைக்கானலுக்கு வரும் விருந்தாளிகளை நம் பள்ளங்கி ஊர்த் தோட்டத்து வழியாக ஓடைவரை நடத்திக் கூட்டிப்போகும் வேலையை விட்டுவிடலாமா என்று இருந்தேன். நீ முன்னால், நான் பின்னால் என்றே பழகிய உடம்பு இது. நீ சொல்வதை நான் அப்படியே திருப்பிச் சொல்வேன். பனிமூட்டம் இறங்கி முன்னே போகிறவன் முதுகு தெரியாமல் போனாலும், நடுவில் வருகிறவர்கள் இரண்டு குரலுக்கும் இடையே பத்திரமாக வந்து சேர்வார்கள். முன்குரல் போனபிறகு பின்குரல் எதைத் திருப்பிச் சொல்லும்?

நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனாலும் வடக்கத்திக்காரர், வெள்ளைக்காரர் எல்லோரையும் ஒரு கைப்பிடி குட்டி வார்த்தைகளை வைத்தே ஏற்றி இறக்கினோம். அப், டவுன், பேக், அவே. இவற்றைத் தனியாக விடக்கூடாது என்று நீதான் கண்டுபிடித்தாய். நான் ஒருமுறை 'டவுன்' என்று மட்டும் சொன்னதற்கு, பெங்களூர்க்காரர் ஒருத்தர் இறங்கி, இறங்கி, ஓடைத் தண்ணிக்குள் போய் நின்றுகொண்டு அடுத்து என்ன என்பதுபோல் பார்த்தாரே, நினைவிருக்கிறதா?

அதிலிருந்து நீ அதற்கு ஒரு துணை சேர்த்தாய். 'டவுன் டு த ராக்' என்றால் பாறைவரை இறங்கி அங்கே நில். 'அவே ஃப்ரம் த எட்ஜ்' என்றால் விளிம்பை விட்டு விலகு. 'பேக் அப் டு மீ' என்றால் திரும்பி மேலேறி என்கிட்டே வா. முதல் வார்த்தை எந்தப் பக்கம் என்று காட்டும். கூட வருவது எதுவரை, எதை விட்டு, யாரிடம் என்று சொல்லி முடிக்கும். நாம் மட்டும் தமிழில் வெறுமனே 'கீழே' என்றா சொல்கிறோம்? 'ஓடைவரைக்கும் கீழே' என்றுதானே வாயில் வருகிறது. "மாப்ளே, ஒத்தையா அனுப்பாதே, ஜோடி சேத்து அனுப்பு" என்று மீசையைத் தடவிக்கொள்வாய். உன் தங்கச்சியை என்னோடு சேர்த்துவிட்டதும் இந்த யோசனையில்தானா மச்சான்?

தங்கச்சி கதையைத்தான் சொல்ல வந்தேன். போன மாதம் வீட்டில் ஆள் தங்கவைக்கிறவர் ஒருத்தர், நாலு பேர் வந்திருக்கிறார்கள், கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். தனியாகவே போகிறேன் என்று கிளம்பினேன். செல்லத்தாய் வாசலை மறித்துக்கொண்டாள். அண்ணன் இல்லாத வழியில் தனியாக விடமாட்டாளாம், பின்னால் அவள் வருவாளாம். உனக்கு இங்கிலீஷ் தெரியாதே என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமாக்கும்" என்றாள்.

வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டேன். ரெண்டு நாள் தோட்டத்திலேயே பழகினாள். களை எடுக்கிற பெண்களைப் பார்த்து 'அவே ஃப்ரம் த பாத்தி' என்றாள். அவர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு பாத்திக்கும் களை எடுபடவில்லை.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. வெள்ளனே கிளம்பினோம். நாலு பேரில் ஒருத்தர் வயசான அம்மா, புனேக்காரர். சரிவுப் பாறைக்கு வரும்போது மூட்டம் வந்து அப்பிவிட்டது. நானும் மூன்று பேரும் பாறையைத் தாண்டிக் கீழே போய்விட்டோம். அந்த அம்மாவும் செல்லத்தாயும் மட்டும் மேலே. நான் கீழேயிருந்து 'ஸ்லோலி டவுன் டு மீ' என்று குரல் கொடுத்தேன். பின்குரல் வரவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

அப்போது மேலேயிருந்து வந்தது சத்தம். "நோ டவுன்! ஸ்டே!"

நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லவேண்டியவள் மாற்றிச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம். மறுபடியும் 'டவுன் டு மீ' என்றேன். அந்த அம்மாவுக்குக் கீழே ஒரு குரல் வா என்கிறது, மேலே ஒரு குரல் நில் என்கிறது. பாவம், எதைக் கேட்பார்?

"என்னங்க, வாயை மூடிக்கிட்டு அங்கனயே நில்லுங்க. நீங்க போன தடம் சரிஞ்சு கெடக்கு."

மூடிக்கொண்டேன். பிறகு அவள் குரல் தணிந்து வந்தது. "பேக் அப் டு மீ, அம்மா. ஸ்லோலி. பேக் அப் டு மீ." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நீட்டி, அந்த அம்மா பிடித்துக்கொண்டதும் மெல்ல மேலே இழுத்துக்கொண்டாளாம். நான் மற்ற மூன்று பேரையும் தோட்டத்து வரப்பு வழியாகச் சுற்றி மேலே கொண்டுவந்தேன். பாறைக்கு அடியில் நான் கால் வைத்த தடம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அதற்குள்தான் ஒரு கிழவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த அம்மா டீ குடித்து முடிக்கும்வரை செல்லத்தாய் கையை விடவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? திருப்பிச் சொல்லத்தானே உன்னைக் கூட்டி வந்தேன் என்று சீண்டினேன்.

"நீங்க பாக்காத எடத்துக்கு நான் என்னன்னு திருப்பிச் சொல்ல?" என்றாள்.

 இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா மச்சான்? இத்தனை வருஷத்தில் பின்னால் நின்று நான் ஒருதரம் மாற்றிச் சொல்லியிருந்தால், நீ கேட்டிருப்பாயா, இல்லை அங்கிருந்தே ஒரு அதட்டுப் போட்டிருப்பாயா?

வேலையை விடவில்லை. பாறைக்கு மேலாக வேறு தடம் வெட்டியிருக்கிறோம். இப்போது உன் தங்கச்சி முன்னால், நான் பழையபடி பின்னால். மூட்டத்துக்குள்ளிருந்து அவள் போடுகிற சத்தம் அப்படியே உன் சத்தம். முதல்நாள் 'வந்துட்டேன் மச்சான்' என்று சொல்லிவிட்டேன். விருந்தாளிகளுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருக்கும், அடுத்த சத்தத்தை அண்ணன் மாதிரியே அதட்டிப் போட்டாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி அவள் சொல்வதைத் திருப்பிச் சொல்வேன், என் கண்ணில் படுவதையும் சேர்த்துச் சொல்வேன். எந்த மூட்டத்துக்குள்ளும் உன் தங்கச்சியை ஒத்தையாக அனுப்பமாட்டேன்.

அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும்,
உன் மாப்பிள்ளை
முருகேசன்